ஆப்பிள் மரத்தில் கட்டிய முடி

அண்ணே,

துபாயில், அல் குசைஸில், நாங்கள் இப்போது குடிவந்திருக்கிற கட்டடத்துக்குக் கீழே ஒரு சலூன் இருக்கிறது. நேற்று அஸர் தொழுதுவிட்டுத் தயிர் வாங்க இறங்கினேன். சலூன்காரர் கதவைத் திறந்துவைத்துத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். கறுப்பும் நரையும் மருதாணிச் சிவப்பும் கலந்து, ஒரு பூனை சுருண்டு படுத்திருக்கிற அளவுக்கு முடி குவிந்து கிடந்தது. தண்ணீர் தெளித்த முடியும் பவுடரும் சேர்ந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். முதலில் வந்தது சந்தேகம்தான். இவ்வளவு முடியையும் இவர் எங்கே கொண்டுபோய்ப் போடுகிறார்? யார் வாங்கிப் போகிறார்கள்? அதற்குப் பிறகுதான் என் நினைவில் நீங்கள் வந்தீர்கள், இரண்டு கையிலும் கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு.

நீங்கள் போய்ச் சேர்ந்து இந்த மாதத்தோடு எட்டு மாதம். உங்களுக்கு மடல் எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. ஆனால் எழுதத் தெரியாதவள் இல்லை நான். அந்தக் காலத்து அஞ்சாம் வகுப்பு. வெளிநாடு போன சபுராளிகளிடமிருந்து எங்கள் தெருவுக்கு வந்த கடிதங்களையெல்லாம் படித்துக்காட்டிப் பதிலும் எழுதிக்கொடுத்தது நான்தான். எந்தக் கடிதத்தையும் ஒரு தடவை படித்து நம்பமாட்டேன். என் மகன் இதைக் குறையாகச் சொல்வான். உம்மாவுக்குப் பால் பாக்கெட்டைப் பார்த்தாலும் சந்தேகம் என்பான். பார்க்கத்தான் செய்வேன். பழைய தேதி மேலே புதுசை ஒட்டியிருக்கிறானா என்று நகத்தால் சுரண்டிப் பார்க்காமல் பேத்திக்கு எப்படிக் கொடுப்பது?

அல் அய்ன் பக்கத்து அந்தத் தோட்டத்துக்கு, மஸ்ரா என்று எல்லோரும் சொல்வார்களே, நாங்கள் வந்து சேர்ந்தபோது நீங்கள் ஏற்கெனவே அங்கே இருந்தீர்கள். மகனுக்கு சூப்பர்வைசர் வேலை. மருமகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை. பேத்தியைப் பார்த்துக்கொள்ள நான். எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் உங்கள் மரங்கள். பதினோரு ஆப்பிள் மரம். பேரீச்சை நிற்கிற மணலில் ஆப்பிள் என்றதும், யாரோ என் மகனை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

முதலாளியை அங்கே எல்லோரும் அர்பாப் என்பார்கள். அவருடைய தாயாரை நாங்கள் பெரிய உம்மா என்போம். பெரிய உம்மா எப்போதோ வைத்தியத்துக்குப் போன குளிர்நாட்டில், மரத்திலிருந்து அப்போதுதான் பறித்த ஆப்பிளைத் தின்றிருக்கிறார். தன் வீட்டு மரத்திலிருந்து ஒன்று பறித்துத் தின்ன வேண்டும் என்று அன்றிலிருந்து ஆசை. அதற்காக அர்பாப், குளிர் குறைவாக இருந்தாலும் காய்க்கிற ஒரு வகையை ஜோர்டானிலிருந்து வரவழைத்து நட்டிருந்தார். அதே அர்பாபுக்கு மான் என்றாலும் உயிர். மதிலுக்குள் முப்பது மானுக்கு மேல் அவிழ்த்துவிட்டிருந்தார். மணல் நிறத்தில், வெள்ளாட்டுக் குட்டி உயரத்தில், கண்ணுக்கு மை போட்ட மாதிரி. மானை அடைக்கக்கூடாது, விரட்டக்கூடாது, கல் எறியக்கூடாது. ஆப்பிளும் காய்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்களை நிறுத்தியிருந்தார். உங்களுக்கு முன்னால் இருந்த ஆள் இரண்டு வருஷம் ஒரு காயும் காட்டாததால் ஊருக்கு அனுப்பப்பட்டார், உங்களுக்கு இந்த வருஷம்தான் தவணை என்று மகன் சொன்னான்.

நீங்கள் கொடைக்கானல் மலைக்காரர். பேரிக்காய்த் தோட்டத்திலும் ஆப்பிள் தோட்டத்திலும் கடமானோடு மல்லுக்கட்டினவர் என்றுதான் உங்களைக் கூட்டிவந்தார்கள். உங்களுக்கும் எனக்கும் யார் மூப்பு என்று கடைசிவரை தெரியவில்லை. அண்ணே என்று கூப்பிட்டால் எனக்கு வயசு குறையும் என்று நான் முந்திக்கொண்டேன். நீங்கள் சிரித்துவிட்டு, "சரிங்க பாயம்மா" என்றீர்கள். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை. எதுக்கெடுத்தாலும் சிரிக்கிற ஆள் எதையோ மறைக்கிறார் என்பது என் கணக்கு.

முதல் சந்தேகம் டிசம்பரில் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், நல்ல பச்சை இலையை ஒவ்வொன்றாகக் கையால் உருவிக் கீழே போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு மரம் முடிந்து அடுத்த மரம். காலையிலிருந்து மத்தியானம் வரை பார்த்தேன். மான் தின்றால் குற்றம், இவர் பிய்த்துப் போட்டால் வேலையா என்று நினைத்துக்கொண்டு கரண்டியோடு வெளியே வந்தேன். மரத்துக்கு மொட்டை போடுகிறீர்களே, இது எந்தக் கோயில் வேண்டுதல் என்று கேட்டேன்.

"தூங்க வைக்கிறேன் பாயம்மா. இது குளிர்ல தூங்கி எந்திரிச்சாத்தான் பூ எடுக்கும். இங்க ஏது குளிரு? எலைய உருவிட்டா, சரி, காலம் மாறிருச்சு போலன்னு ஏமாந்து கண்ணை மூடும்."

மரத்தை ஏமாற்றுகிறேன் என்று தன் வாயாலேயே சொல்கிற ஆள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மகனிடம் எச்சரித்தேன். அவன் காதில் வாங்கவில்லை. ஆனால் பிப்ரவரியில் அந்தக் குச்சிகளில் ரோஜாவும் வெள்ளையுமாகப் பூ வந்தது. பேத்தியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். உங்களிடம் மட்டும், பூத்தால் போதுமா, காய்க்க வேண்டாமா என்று கேட்டுவைத்தேன்.

பூவுக்குப் பின்னால் தளிர் வந்தது. தளிருக்குப் பின்னால் மான் வந்தது. நீங்கள் மரத்துக்கு மரம் கம்பிவலைக் கூடு போட்டிருந்தீர்கள், நெஞ்சு உயரத்துக்கு. கிடாக்கள் கொம்பை உரசித் தோலை உரித்துவிடாமல் இருக்க அடிமரத்தில் சாக்கும் சுற்றியிருந்தீர்கள். அதுவரைக்கும் சரியாகத்தான் போனது. ஒருநாள் ஒரு குட்டியின் கால் வலையில் மாட்டிக்கொண்டது. அது கத்திய கத்தல் பெரிய உம்மாவின் அறைவரைக்கும் கேட்டது. நீங்கள் ஓடிப்போய்க் கம்பியை வெட்டி எடுத்துவிட்டீர்கள், குட்டிக்குச் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் சாயங்காலம் அர்பாப் வந்தார். எல்லாக் கம்பியையும் எடு, கலாஸ், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் நீங்கள் பதினோரு கூட்டையும் கழற்றி மடித்து வைத்ததை நான் பார்த்தேன். சிரிக்கவில்லை. மரங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தீர்கள். அன்றைக்குத்தான் மகனிடம் டவுனுக்கு வண்டி போகும்போது நானும் வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் எதற்கு என்று கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

அந்த வாரம் பேத்திக்குக் காய்ச்சல். ஆறு நாளாக விடவில்லை. கிளினிக்கில் கொடுத்த மருந்தைக் குடித்தால் இறங்கும், மறுபடி ஏறும். பிள்ளை சோறு கேட்கவில்லை, பொம்மை கேட்கவில்லை. நான் ஓதி ஊதிக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தேன். ஏழாம் நாள் காலை, அவள் கொஞ்சம் கண் அசந்த நேரத்தில், காற்றுக்காக ஜன்னலைத் திறந்தேன்.

ஜன்னலுக்கு நேரே நிற்கிற மரத்தில் வெள்ளையாகச் சின்னச் சின்ன முடிச்சுகள் தொங்கின. வெளியே வந்து பார்த்தேன். எல்லா மரத்திலும் தொங்கின. ஒரு மரத்துக்கு மூன்று நான்கு. எலுமிச்சம்பழம் அளவுக்குத் துணிக்கிழி, கழுத்தில் நூல் சுற்றி இறுக்கிக் கட்டியது. கிட்டப்போனால் துணியின் இடுக்கில் முடி நீட்டிக்கொண்டிருந்தது. மனுஷ முடி. அதில் ஒன்றை விரல் நுனியால் திருப்பினேன். துணியின் ஓரத்தில் நீலநூலில் ஒரு பூ.

அந்தப் பூவைப் பின்னியது நான். என்னுடைய பழைய தலைத்துணி அது.

அண்ணே, என் இடத்தில் நின்று பாருங்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் சீப்பில் வந்த முடியைக்கூடச் சுருட்டிப் புதைப்போம், அடுத்தவர் கைக்குப் போகக்கூடாது என்று. உடுத்தின துணியும் அப்படித்தான். முடி, உடுத்தின துணி, முடிச்சு. சூனியம் வைக்க வேறு என்ன வேண்டும்? வீட்டுக்குள் பிள்ளை ஏழு நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறது. ஜன்னலுக்கு நேரே இது. அந்தத் துணியை நானேதான் கிழித்து, பம்பு துடைக்கிற கந்தல் பெட்டியில் போட்டேன் என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை. வந்திருந்தால், பெட்டியிலிருந்து தேடி எடுத்திருக்கிறார் என்றுதான் நினைத்திருப்பேன்.

உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில் குழாய் அடைப்பைக் குத்திக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினீர்கள். கேட்கவில்லை. காவலுக்கு ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே, ஜன்னலுக்கு நேரே இருந்த மரத்தின் நாலு முடிச்சுகளையும் பழைய பேப்பரால் பிடித்து இழுத்து எடுத்தேன். பிரித்துப் பார்க்கத் தைரியம் இல்லை. மகனிடம் சொன்னால் சிரிப்பான். நேரே பெரிய உம்மாவிடம் போனேன்.

பெரிய உம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அரபி ஓதத் தெரியும், பேசத் தெரியாது. தினமும் காலையில் அவர் கஹ்வா ஊற்றுவார், நான் குடிப்பேன். கையாலும் கண்ணாலும் பேசிக்கொள்வோம். அன்றைக்குப் பேப்பரை அவர் முன்னால் விரித்தேன். வெளியே மரங்களைக் காட்டினேன். மரத்தடியில் குனிந்திருந்த உங்களைக் காட்டினேன். கன்னத்தில் கைவைத்துப் பிள்ளையின் காய்ச்சலைக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. அப்போது எனக்கு ஒரு சொல் வந்தது. சின்ன வயசில் ஓதுகிற பள்ளியில் அர்த்தத்தோடு படித்த சொல். எங்கள் வகுப்பில் அர்த்தம் கேட்டால் முதலில் கை தூக்குகிறவள் நான்.

"சிஹ்ரு" என்றேன்.

கிழவி கையிலிருந்த கஹ்வாப் பிஞ்சானைக் கீழே வைத்துவிட்டார். சூனியத்துக்கு அவர்கள் பேச்சிலும் அதுதான் சொல். எவ்வளவு நேரம் கை ஆட்டியும் விளங்காதது ஒரே சொல்லில் விளங்கிவிட்டது. சரியான சொல்லைச் சரியாக உச்சரித்தேன் என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு பெருமை வந்தது. அதை இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது. இந்த நாட்டில் அது போலீஸ் கேஸ், பிடிபட்டால் ஜெயில், அதற்குப் பிறகு திரும்பி வரமுடியாதபடி ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். டிரைவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றால் அது பொய்.

மறுநாள் காலை அர்பாபின் வண்டி வந்தது. கூட இன்னொரு ஆளும் வந்தார். உங்களைத் தீவன வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்காரவைத்தார்கள். வேலையாட்கள் எல்லோரையும் முற்றத்துக்கு வரச்சொன்னார்கள். என் மகன் நடுவில் நின்று இந்தியையும் தமிழையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் சமையலறைக் கதவை ஒட்டி நின்றேன். அர்பாப் கையில் போன் இருந்தது. போலீஸ் நம்பரைப் போடவில்லை, ஆனால் கட்டைவிரல் அதன்மேல்தான் இருந்தது.

நீங்கள் பயந்திருந்தீர்கள். ஆனாலும் நிதானமாகச் சொன்னீர்கள். முடிதான், வேறு எதுவும் இல்லை, டவுன் சலூனில் கூட்டிப்போடுகிறதைக் கேட்டு வாங்கிவந்தேன், மனுஷ வாடைக்கு மான் கிட்ட வராது, எங்கள் மலையில் இப்படித்தான் கட்டுவோம் என்றீர்கள். மகன் மாற்றிச் சொன்னான். அர்பாப் நம்பவில்லை. என் மான்கள் தினமும் உங்கள் எல்லோரையும் பார்த்து வளர்ந்தவை, கையிலிருந்து ரொட்டி தின்கின்றன, மனுஷ வாடைக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டார். நல்ல கேள்வி. எனக்கும் அதே கேள்விதான் வந்தது. மாட்டிக்கொண்டீர்கள் என்று நினைத்தேன்.

"நம்ம வாடை பழகிருச்சு சார். அதான் நம்ம ரூம் ஆளுக முடிய நான் கட்டலை. சலூன் முடியில ஊரு பேரு தெரியாத நூறு பேரு வாடை இருக்கு. புது ஆளுன்னா அது மிரளும். ஒரு மாசத்துக்கு நிக்கும், அப்பறம் மாத்திக் கட்டணும்."

நூறு பேர் என்ற சொல்லில் எனக்குள் ஏதோ தட்டியது. கூட வந்த ஆள் ஒரு கிழியைக் கத்தியால் கீறி மணலில் கொட்டினார். நான் கதவைவிட்டு இறங்கி வந்து பார்த்தேன். கறுப்பு, நரை, மருதாணிச் சிவப்பு, சுருட்டை, கோரை. யாருக்காவது சூனியம் வைக்க வேண்டுமென்றால் அந்த ஒரு ஆளின் முடி வேண்டும். நூறு தலை முடியைக் கலந்து கட்டி எவனும் எவளுக்கும் எதுவும் வைக்கமுடியாது. இந்த விஷயத்தில் அங்கே நின்ற எல்லோரையும்விட எனக்குத்தான் படிப்பு அதிகம். நிமிர்ந்து எங்கள் ஜன்னல் மரத்தைப் பார்த்தேன்.

முந்தின நாள் இலையும் தளிரும் கோலிக்குண்டு அளவுக் காயுமாக நின்ற மரம். அன்று கீழ்க்கிளையெல்லாம் வெறும் குச்சி. மான் பின்னங்காலில் எழும்பி எட்டின உயரம்வரை ஒன்று விடாமல் மேய்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற பத்து மரத்திலும் ஒரு தளிர்கூடக் குறையவில்லை. அந்தப் பத்திலும் முடி தொங்கியது. இந்த ஒன்றில் மட்டும்தான் இல்லை. அதை அவிழ்த்தது யார் என்று எனக்குத் தெரியும்.

அர்பாபிடம் நேரே பேச எனக்கு வாய் வராது. உள்ளே பெரிய உம்மாவிடம் ஓடினேன். "சிஹ்ரு மாஃபி" என்றேன். மாஃபி மட்டும் இங்கே வந்து கற்றுக்கொண்ட சொல். இல்லை என்று சொல்லிவிட்டேன், சரி. பிறகு என்ன என்று எப்படிச் சொல்வது? நான் ஓதிய எதிலும் ஆப்பிள் மரத்துக்கு முடி கட்டுகிற கதை இல்லை. அறுபத்து மூணு வயசில், பேரப்பிள்ளை எடுத்தவள், இரண்டு விரலைத் தலையில் கொம்பாக வைத்தேன். அவர் மெத்தையின் ஓரத்திலிருந்த பூஜாடியைத் தின்ன வருகிற மாதிரி நடந்தேன். மேசையில் கிடந்த கிழியை எடுத்து முகர்ந்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு துள்ளி ஓடினேன். மறுபடி வந்தேன். கிழியை எடுத்து மறைத்துவிட்டு, பூவை வாயால் கடித்துக் காட்டினேன். பிளாஸ்டிக் பூ.

"கஸால்?" என்றார் பெரிய உம்மா. அரபியில் மான்.

தலையாட்டினேன். கிழவி சிரித்த சிரிப்பில் பல்செட்டு ஆடியது. கைத்தடியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். தன் மகனிடம் என்னவோ சொல்லி, தடியால் எங்கள் ஜன்னல் மரத்தைக் காட்டினார், பிறகு மற்ற மரங்களைக் காட்டினார். அர்பாப் நடந்துபோய் ஒவ்வொரு மரமாகப் பார்த்தார். திரும்பி வரும்போது போன் பையில் இருந்தது. உங்கள் தோளில் கையை வைத்து எழுந்திருக்கச் சொன்னார். என் மகன் என்னிடம் வந்து, உம்மா உங்களுக்கு எப்படி இது விளங்கியது என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். அஞ்சாம் வகுப்புப் படிப்பு சும்மாவா என்றேன். சொன்னேனே அண்ணே, சொல்லத்தான் செய்தேன்.

வண்டி போனபிறகு மகனுக்குக் கோபம் வந்தது. யார் இதைப் பெரிய உம்மாவிடம் போய்ச் சொன்னது, ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தது யார் என்று கத்தினான். அவன் பார்வை டிரைவர் மேல் நின்றது. சந்தேகப்படுகிற புத்தி எங்கள் வீட்டுச் சொத்து, அவனுக்கும் கொஞ்சம் போயிருக்கிறது. டிரைவர் நான் இல்லை என்று சத்தியம் பண்ணினார். நான் வாயைத் திறக்கத்தான் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. திறக்கவில்லை.

நீங்கள்தான் பேசினீர்கள்.

"விடுங்க சார். பாத்தவங்க யாரா இருந்தாலும் பயந்துதான் இருப்பாங்க. நான் சொல்லிட்டுக் கட்டியிருக்கணும். தப்பு என்னுதுதான்."

அதைச் சொல்லும்போது நீங்கள் டிரைவரைப் பார்த்தீர்கள், சமையல்காரரைப் பார்த்தீர்கள், மகனைப் பார்த்தீர்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். என் முகத்துக்கு வரும்போது மட்டும் உங்கள் பார்வை மரத்துக்குப் போய்விட்டது. அதை நான் கவனித்தேன். கவனிக்காமல் விட நான் யார்?

அன்று சாயங்காலமே பேத்தியை வேறு டாக்டரிடம் காட்டினோம். காதுக்குள் சீழ் வைத்திருக்கிறது என்றார். மருந்தை மாற்றினார், மூணாம் நாள் பிள்ளை எழுந்து விளையாடியது.

அதற்குப் பிறகு கிழி தைக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். முடியை மட்டும் தொடமாட்டேன், நீங்கள் அடைப்பீர்கள். மாதம் ஒரு தடவை நாற்பது கிழி. ஜன்னலுக்கு வெளியே நீங்கள், உள்ளே நான். காய் பருக்கும்போது கொத்துக்கு ஒன்றை விட்டு மற்றதையெல்லாம் கிள்ளி எறிந்தீர்கள். அதற்கும் சண்டை போட்டேன். எல்லாத்தையும் விட்டா எல்லாமே கோலிக்குண்டாத்தான் நிக்கும் என்றீர்கள். மேற்கு வெயில் படுகிற பக்கத்துத் தண்டுக்குச் சுண்ணாம்பு பூசினீர்கள். அது எதற்கு என்று நான் கேட்பதற்கு முன்னால், வெயில்ல தோல் வெடிக்காம இருக்க, வேற ஒண்ணும் இல்ல பாயம்மா என்று சொல்லிவிட்டுப் பூசினீர்கள். அந்த 'வேற ஒண்ணும் இல்ல' எனக்குக் குத்தியது. தெரிந்துதான் குத்துகிறீர்களா என்று பார்த்தேன். நீங்கள் மட்டையிலிருந்து சுண்ணாம்பை வழித்துக்கொண்டிருந்தீர்கள்.

ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். நூலைக் கோத்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, அன்னைக்குப் பெரிய உம்மாகிட்ட யாருதான் சொல்லியிருப்பா அண்ணே என்று கேட்டேன்.

"மான்தான் பாயம்மா. அதுக்குத்தானே அந்தப் பொட்டலம் புடிக்கல."

சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் கழித்து, குரலைத் தாழ்த்தாமல், மானைக் குத்தம் சொல்ல முடியாது, தெரியாத வாடைன்னா மிரளத்தானே செய்யும் என்றீர்கள். ஊசி என் விரலில் ஏறிவிட்டது. மானைத்தான் சொன்னீர்களா, என்னையா? இன்றுவரைக்கும் முடிவு பண்ண முடியவில்லை.

ஜூனில் பத்து மரத்திலும் பறித்தோம். சின்னக் காய்கள், மஞ்சளில் ஒரு கன்னம் மட்டும் சிவப்பு. பெரிய உம்மாவை நாற்காலியோடு தூக்கிவந்து மரத்தடியில் வைத்தார்கள். தன் கையால் ஒன்றைத் திருகிப் பறித்தார். பாதியைக் கடித்துவிட்டு மீதியை எனக்கு நீட்டினார். கழுவாமல் தின்கிறதா என்று ஒரு நொடி யோசித்தேன், பிறகு தின்றேன். புளிப்பும் இனிப்பும். கடையில் மெழுகு பூசி வைக்கிறானே, அந்த ருசி இல்லை. நீங்கள் தள்ளி நின்று, நான் கடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நல்லாத்தான் இருக்கு என்றேன். அதற்குமேல் சொல்ல என் வாய் பழகவில்லை. உங்களுக்கு அடுத்த இரண்டு வருஷத்துக்கு விசா அடித்தார்கள்.

அந்த இரண்டு வருஷத்தில் உங்களிடம் சொல்லிவிட எனக்கு எத்தனை காலை கிடைத்தது. ஒவ்வொரு கிழி தைக்கும்போதும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். இவருக்குத் தெரியாவிட்டால் நானாக ஏன் தலையைக் குனிய வேண்டும் என்று தோன்றும். தெரிந்திருந்தால், தெரிந்தும் இப்படிச் சிரிக்கிற ஆளை எப்படி நம்புவது என்று தோன்றும். இப்படியே நீங்கள் லீவில் ஊருக்குப் போகிற நாள் வந்தது. பெட்டியைக் கட்டிவிட்டு வந்து, அடுத்த கட்டுக்கு முடி ஷெட்டில் இருக்கு, பத்திரமா பாத்துக்கங்க பாயம்மா என்றீர்கள். போய் வாங்க அண்ணே என்றேன். இருபது நாளில் செய்தி வந்தது. காலையில் டீ குடித்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே என்றார்கள். உங்களுக்கு நெஞ்சுவலி இருந்ததா? இருந்திருந்தால் அதையும் எங்களிடம் மறைத்திருக்கிறீர்கள்.

உங்கள் கணக்குப் பணத்தையும் சாமான்களையும் அனுப்பிவைத்த பிறகு உங்கள் வீட்டம்மா மகனின் போனுக்குப் பேசினார். அழுதுகொண்டே பேசினார். உம்மா இருக்காங்களா என்று கேட்டாராம், மகன் போனை என்னிடம் கொடுத்துவிட்டான்.

"பாயம்மா, உங்களப் பத்திச் சொல்லாத நாளே இல்ல. இவரக் காப்பாத்த நீங்க மானா நடிச்சீங்களாமே. கொம்பு வச்சுக் காட்டினீங்களாமே. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நீங்க நல்லா இருக்கணும்."

இந்தம்மாவிடமாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதுக்கு முந்தி ஒண்ணு நடந்துச்சும்மா என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்கவிடவில்லை.

"எல்லாம் சொல்லியிருக்காரு பாயம்மா. எல்லாம் தெரியும்."

அதோடு யாரோ கூப்பிட்டார்கள், போனை வைத்துவிட்டார்.

ஏழெட்டு மாதமாக அந்த ஒரு சொல்லைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். எல்லாம் என்றால் எதுவரைக்கும் எல்லாம்? நம்பர் மகனிடம் இருக்கிறது, திரும்பக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். கேட்டால், தெரியாதவருக்கு நானே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று முதலில் பயந்தேன். இப்போது அந்தப் பயமும் போய்விட்டது. வேறு பயம் வந்திருக்கிறது. நீங்கள் பாதியை மட்டும் சொல்லியிருந்தால், அந்தம்மா தப்பான ஆளுக்கு துஆ கேட்டிருக்கிறார், அது என் பாவம், நான் சுமந்துவிட்டுப் போகிறேன். முழுசையும் சொல்லியிருந்தால், உங்களை ஜெயில் வாசல்வரை தள்ளினவள் யார் என்று தெரிந்தேதான் நான் நல்லா இருக்கணும் என்று சொல்லியிருக்கிறார்.

முதலாவதாக இருந்துவிடட்டும் அண்ணே. இரண்டாவது என்னால் தாங்க முடியாது.